இந்த ஆணை எந்தப் பிரிவின் கீழ்?

அரசின் ஆணையால் பாதிக்கப்பட்டு என்னிடம் வருபவர்கள், அது எவ்வளவு அநியாயமானது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள். வழக்கறிஞரான என் கண் தேடுவது வேறொன்றை: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அளித்த அதிகாரத்தைக் கொண்டு அது பிறப்பிக்கப்பட்டது? பிரிவின் எண்ணைக் குறிப்பிட மறந்ததனாலேயே ஓர் ஆணை செல்லாமல் போய்விடாது; ஆனால் ஒருவருடைய உரிமையைப் பறிக்கும் ஆணைக்கு அப்படியொரு பிரிவே எங்கும் இல்லை, ‘பொதுநலன் கருதி’ என்ற இரு சொற்கள்தாம் இருக்கின்றன என்றால், ஆணை நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கே போக வேண்டியதில்லை.

சட்டம் இயற்றுதல், அதை நடைமுறைப்படுத்துதல், அதன்படி தீர்ப்பளித்தல் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேரக் கூடாது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ 1748இல் எழுதியதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எல்லையைத் தாண்டும் தலைவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு நியாயமான காரணத்தோடுதான் தாண்டுகிறார்கள் என்பதைத் தொழிலுக்கு வந்த பிறகே நான் புரிந்துகொண்டேன். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்று கருதிய அமெரிக்க அதிபர் ட்ரூமன், 1952 ஏப்ரல் 8 அன்று நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். போரும் உண்மை, நெருக்கடியும் உண்மை. ஆயினும் அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவருக்குத் தரவில்லை. 1947இல் தொழிலாளர் சட்டத்தை இயற்றியபோது, அதை வழங்கும் யோசனையை நாடாளுமன்றம் நிராகரித்தும் இருந்தது. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் உத்தரவு செல்லாது என்றனர், மூவர் மாறுபட்டனர். ட்ரூமன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் அஞ்சிய வேலைநிறுத்தமும் தொடங்கியது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஓசையின்றி நடக்கும் மீறல். இந்திய அரசமைப்பின்படி, சட்டமன்றம் கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், மன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் காலாவதியாகிவிடும். அதற்குள் அதை மசோதாவாக வைத்து நிறைவேற்ற வேண்டும். பீகாரிலோ 1967 முதல் 1981 வரை பிறப்பிக்கப்பட்ட 256 அவசரச் சட்டங்கள், மறுபடி மறுபடி பிறப்பிக்கப்பட்டு, ஓராண்டிலிருந்து 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டன. கூட்டத்தொடர் முடிந்ததும், அவற்றை மீண்டும் பிறப்பிக்க நடவடிக்கை எடுக்குமாறு துறைகளுக்குச் சுற்றறிக்கை போவதே வழக்கமாகியிருந்தது. அதாவது, மீறலே அலுவலக நடைமுறையாகிவிட்டது. பொருளியல் பேராசிரியர் டி. சி. வாத்வா இதை ஆராய்ந்து தொடுத்த வழக்கில், 1986இல், சட்டமன்றத்தின் வேலையை நிர்வாகம் இப்படிக் கைப்பற்றுவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

நீதிமன்றத்தில் பிழைப்பவன் என்பதால் நீதிபதிகளை விட்டுவிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். கொள்கை வகுப்பது தங்கள் வேலையல்ல என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியிலேயே வகுத்துத் தந்த தீர்ப்புகளையும் நான் படித்திருக்கிறேன்.

பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, ஆணையின் நகலைக் கேட்டு வாங்குவது. வாய்மொழியாகச் சொல்லப்பட்டதென்றால், எந்த அதிகாரத்தின்படி என்பதையும் சேர்த்து எழுத்தில் தருமாறு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்ட பிறகு திரும்பி வராமலேயே போன உத்தரவுகள் பல உண்டு. வந்துவிட்டால், தேதியைக் குறித்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வலுவான வழக்கும் தாமதத்தால் தள்ளுபடியாகக் கூடும்.