இரவுக் கபடிக்கு எந்த ஜூம் லென்ஸ்?

ஓடுவதையும் பாய்வதையும் படமெடுக்க ஜூம் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மி.மீ. வரை போகும்?" என்றுதான், அதாவது தூரத்தில் இருப்பதை எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்று. ஃபிளட்லைட்டில் நடக்கும் கபடியை எடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன் எஃப் எண்ணைப் பார்க்க வேண்டும். லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று சொல்வது அதுதான்; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்.

தூரம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தால் ரெய்டர் (பாடிச் செல்பவர்) அநேகமாக 15 மீட்டருக்குள்தான் இருப்பார். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து 200 மி.மீ.யில் பார்த்தால், 10 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் தலை முதல் கால் வரை படத்தை நிறைத்துவிடுவார். அதே தூரத்தில் கேமராவைப் படுக்கையாக வைத்து 70 மி.மீ.க்கு வந்தால் ஐந்து மீட்டர் அகலம் உள்ளே வரும். ரெய்டரும் அவரை மடக்க வருகிறவர்களும் அதில் அடங்குவார்கள். ஆக, 70-200 மி.மீ. லென்ஸ் போதும்.

இனி வெளிச்சம். லென்ஸின் குவியத்தூரத்தை, அதாவது அந்த மி.மீ. எண்ணை, முன்பக்கமிருந்து பார்க்கும்போது தெரியும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். 200 மி.மீ.யில் எஃப் 2.8 வேண்டுமானால் அந்தத் துவாரம் சுமார் 71 மி.மீ. இருக்க வேண்டும். எஃப் 5.6-க்கு அதில் பாதி போதும். 70-200 எஃப் 2.8 லென்ஸ் சுமார் ஒரு கிலோவோ அதற்கு மேலோ கனப்பதும், விலை எகிறுவதும் அவ்வளவு பெரிய கண்ணாடி தேவைப்படுவதால்தான்.

விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிறது, வெளிச்சமும் அப்படியே. ஒரே ஐஎஸ்ஓவில் (கேமராவின் வெளிச்ச உணர்திறன் அளவு) எஃப் 2.8-இல் 1/1000 வினாடி ஷட்டர் வேகம் கிடைக்கும் இடத்தில் எஃப் 5.6-இல் 1/250 வினாடிதான் கிடைக்கும். நடுக்கோட்டைத் தொடப் பாயும் ரெய்டரின் கை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 1/250 வினாடியில் அது 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், விரல்கள் இழுபட்டுக் கலங்கிவிடும். 1/1000 வினாடியில் 8 மி.மீ.தான். கோட்டைத் தொட்டாரா இல்லையா என்பதே அந்தப் படத்தின் உயிர் என்னும்போது இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

லென்ஸ் பெட்டியில் எஃப் எண் '4-5.6' என்று போட்டிருந்தால், முழு ஜூமில் கிடைப்பது 5.6 மட்டுமே. நெருக்கமாக எடுக்கிற நேரத்தில்தான் வெளிச்சம் குறையும். ஐஎஸ்ஓவை நான்கு மடங்கு ஏற்றிச் சமாளிக்கலாம், அதனால் படத்தில் கூடும் புள்ளிகளை இன்றைய கேமராக்கள் ஓரளவு தாங்கும். ஆனால் மங்கலான களத்தில் ஐஎஸ்ஓ ஏற்கெனவே உச்சத்தில்தான் நிற்கும்.

கடையில் 'ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, நடுங்காது' என்பார்கள். உண்மைதான். ஆனால் அது நம் கைநடுக்கத்தை மட்டும் ஈடுகட்டும், ஆட்டக்காரரின் ஓட்டத்தை நிறுத்தாது. கபடிக்காக அதற்கு அதிகம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஃபோகஸ். டிஎஸ்எல்ஆர் கேமரா, லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் பிம்பங்களை ஒப்பிட்டுத்தான் ஃபோகஸ் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. ஓரங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். அகலத் துவாரம் இங்கேயும் கைகொடுக்கும், கேமராவில் அதற்கேற்ற ஃபோகஸ் புள்ளிகள் இருந்தால். ஆனால் 200 மி.மீ., எஃப் 2.8, 10 மீட்டர் என்னும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 40 செ.மீ.தான். லென்ஸின் மோட்டார் மந்தமாக இருந்தால் ரெய்டர் அந்த ஆழத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

பகலாட்டம் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6 வைத்தாலே 1/1600 வினாடி கிடைக்கும். இரவாட்டம்தான் என்றால், புதிய எஃப் 5.6 லென்ஸைவிடப் பழைய எஃப் 2.8 லென்ஸையே நான் சொல்வேன். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி, எதிரே ஓடி வரும் ஒருவரைத் தொடர்ச்சியாக எடுத்து, எத்தனை படத்தில் முகம் கூர்மையாக இருக்கிறது என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.