நாணேற்றிய வில்லைக் கழற்றாமல் காப்பது: ஸ்பைக் புரதம் ஆய்வகத்தில் உருவாகும் விதம்

கொரோனா வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைச் செய்ய வைரஸே தேவையில்லை, அதன் மரபணு வரிசை போதும். 2020 ஜனவரியில் வரிசை வெளியானது. பிப்ரவரியிலேயே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஜேசன் மெக்லெல்லன் குழு அதன் வடிவத்தை 3.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டது. மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸின் ஸ்பைக்கில் முன்பே கற்ற வித்தை கையிலிருந்ததால்தான் அந்த வேகம்.

ஸ்பைக் நாணேற்றிய வில் மாதிரி. செல்லோடு இணையும்போது வடிவம் மாறி நீண்ட சுருளாக நிமிர்ந்துவிடும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருட்கள் பெரும்பாலும் அடையாளம் காண்பது நாணேற்றிய வடிவத்தைத்தான். ஆகவே புரதத்தைச் செய்வதைவிட, அதை அந்த வடிவிலேயே நிறுத்திவைப்பதுதான் உண்மையான வேலை.

ஒரு ஸ்பைக் என்பது ஒரே மாதிரியான மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்தது. முதல் திருத்தங்கள் மரபணுவிலேயே நடக்கும். 1208ஆவது அமினோ அமிலத்தோடு சங்கிலியை வெட்டினால் சவ்வில் பதியும் வால் போய்விடும்; புரதம் திரவத்தில் கரைந்து வெளியே வரும். செல்லின் ஃபியூரின் நொதி வெட்டும் இடம், அது வெட்ட முடியாதபடி மாற்றி எழுதப்படும். 986, 987ஆம் இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் வைக்கப்படும். புரோலினின் வளையம் சங்கிலியை விறைப்பாக்குவதால், அந்த இடத்திலுள்ள வளைவு நேரான சுருளாக நிமிர முடியாது. வாலை வெட்டியதால் மூன்று சங்கிலிகளும் பிரிந்துபோகக்கூடும் என்பதால், டி4 என்ற பாக்டீரியா வைரஸிலிருந்து ஒரு சிறு துண்டை நுனியில் ஒட்டுவார்கள். அது மூன்றையும் சேர்த்துக் கட்டும். பிரித்தெடுக்க வசதியாக, நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் எட்டு கடைசியில் வரும்.

ஈ. கோலை பாக்டீரியாவில் இதைச் செய்யலாமே என்றால், சரிப்படாது. ஒவ்வொரு சங்கிலியிலும் சர்க்கரை ஏறும் இடங்கள் 22 உள்ளன. அந்தச் சர்க்கரையை அது ஏற்றாது. கந்தகப் பிணைப்புகளும் சரியாக அமையாமல் புரதம் கட்டிதட்டிப்போகும். எனவே மிதந்து வளரும் ஹெச்இகே 293 மனித செல்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 லட்சம் செல்கள் இருக்கும்போது, மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற கணக்கில் திருத்திய மரபணுவைக் கொண்ட டிஎன்ஏவும், அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் பாலிஎத்திலீன்இமைன் அதன் மூன்று மடங்கும் கலந்து, 10–15 நிமிடம் வைத்துச் சேர்ப்பார்கள். அதிக நேரம் வைத்தால் துகள்கள் பெருத்து, செல்களுக்குள் குறைவாகவே நுழையும். 37 டிகிரி, 8 சதவீத கார்பன் டைஆக்சைடில் ஐந்தாறு நாள் குலுக்கி வளர்த்த பிறகு, செல்களைச் சுழற்றி நீக்கி, திரவத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுவார்கள்.

அடுத்தது, ஹிஸ்டிடின் வாலைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் ரெசின். பலரும் சறுக்குவது இங்கேதான். வளர்ப்புத் திரவத்திலுள்ள சில பொருட்கள் நிக்கலைப் பறித்துக்கொள்ளும்; நீலப் பச்சை ரெசின் கண்முன்னே வெளிறும். திரவம் அமிலமாக இருந்தால் ஹிஸ்டிடின் ஒட்டவே ஒட்டாது. முதலில் பிஹெச் 8 தாங்கல் கரைசலுக்கு மாற்றிக்கொண்டால் இரண்டும் தீரும். ஹிஸ்டிடினோடு போட்டியிட்டு அதை நிக்கலிலிருந்து விடுவிக்கும் இமிடசோலால், 20 மில்லிமோலாரில் கழுவி, 250இல் புரதத்தை இறக்கி, கடைசியாக அளவுவாரியாகப் பிரிக்கும் தூணில் விடுவார்கள்.

புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் சுத்தமான ஒற்றைக் கோடு தெரிந்தால் நிம்மதி வேண்டாம். அந்த ஜெல் புரதத்தை முழுதாக உருக்குலைத்துத்தான் ஓட்டுகிறது, வடிவத்தை அது காட்டாது. வைரஸ் பற்றிக்கொள்ளும் மனித செல் புரதமான ஏசிஇ2வோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் போதாது. பிய்ந்த ஒற்றைச் சங்கிலியும் ஒட்டும். சாயமேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, பட்டம் போன்ற மும்மைத் துகள்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவதே நம்பகமான சோதனை.

குளிர்பெட்டி இன்னொரு கண்ணி. பெரும்பாலான புரதங்களுக்கு 4 டிகிரி பாதுகாப்பு. இரண்டு புரோலின் ஸ்பைக்கோ அங்கே ஒரு வாரத்தில் குலைகிறது. 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் மீள்கிறது. ஆறு புரோலின்கள் கொண்ட ஹெக்ஸாபுரோ வடிவம் சுமார் பத்து மடங்கு அதிகம் விளைவதோடு, மூன்று முறை உறையவைத்து உருக்கினாலும் தாங்குகிறது. பழைய வடிவத்தையே பயன்படுத்துபவர்கள், சிறு சிறு பங்குகளாகத் திரவ நைட்ரஜனில் சட்டென உறையவைத்து, மைனஸ் 80இல் வைத்து, உருக்கிய பங்கை 37 டிகிரியில் வைத்த பிறகே சோதனைத் தட்டில் பூச வேண்டும்.