ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டிய கரைக்குக் கட்டடக் கணக்கு உதவாது

தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகும், அதிலிருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் ஆலைக் கழிவிலேயே தங்கிவிடுகிறது. கழிவில் இருக்கும் தோரியம்-230இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகச் சிதைய ஆகும் காலம், சுமார் 75,000 ஆண்டுகள். அது சிதைந்து உருவாகும் ரேடியம்-226க்கு 1,600 ஆண்டுகள். ரேடியம் இருக்கும்வரை ரேடான் வாயுவும் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கழிவைத் தேக்கும் மண்கரைக்கு எந்த நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதில் பிசகினால் பின்னால் செய்யும் துல்லியமான கணக்குகள் எல்லாம் வீண்.

அமெரிக்காவில் யுரேனிய ஆலைக் கழிவுகளுக்கான சட்டம் 1978இல் வந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிப்படி, மூடப்பட்ட கழிவுத் திடல் இயன்றவரை 1,000 ஆண்டுகளும், எப்படிப் பார்த்தாலும் 200 ஆண்டுகளுக்குக் குறையாமலும் தாங்க வேண்டும். சாதாரணக் கட்டடங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்ததோ 475 ஆண்டு அதிர்வு. அதாவது சராசரியாக 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை மிஞ்சப்படும் குலுக்கல்; 50 ஆண்டுகளில் அதை மிஞ்சும் குலுக்கல் வர 10 சதவீத வாய்ப்பு. அதே அதிர்வை 200 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் வாய்ப்பு 34 சதவீதமாகிறது. 1,000 ஆண்டுகளுக்கோ 88 சதவீதம்! 2,475 ஆண்டு அதிர்வை எடுத்துக்கொண்டாலும் 1,000 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 10,000 ஆண்டு அதிர்வுக்குப் போனால்தான் அது 10 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இதை வேறு வழியில் அணுகுகிறது. கரை தாங்கக்கூடியதைவிடப் பெரிய நிலநடுக்கத்தை உண்டாக்கவல்ல நிலப்பிளவுக்கு அருகில் கழிவுத் தேக்கம் அமையக் கூடாது என்கிறது. கடந்த 35,000 ஆண்டுகளில் ஒருமுறையாவது, அல்லது 5 லட்சம் ஆண்டுகளில் திரும்பத் திரும்ப, தரைமட்டத்தில் அசைந்த பிளவு இந்த வகையில் சேரும். பெயர் தெரிந்த பிளவு எதுவும் பக்கத்தில் இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. வரைபடத்தில் ஏறாத பிளவுகளுக்காக, அந்தப் பகுதிக்குரிய நிலநடுக்கம் ஒன்று திடலிலிருந்து 15 கி.மீ. தொலைவில் நிகழ்வதாக வைத்துக் கணக்கிடும் நடைமுறையும் இருக்கிறது.

சரி, குலுங்கும்போது கரைக்கு என்ன ஆகிறது? ஆலைக் கழிவு குழம்பாகக் குழாயில் வந்து கொட்டப்படுகிறது. மணல் கரையோரம் படியும். நுண்சேறு தொலைவில் தேங்கும். இரண்டும் இறுகாமல், நீரில் ஊறியபடியே கிடக்கும். அதிர்வில் மணல் துகள்கள் நெருங்க முயலும்போது இடையிலுள்ள நீருக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. நீரழுத்தம் ஏறி, துகள்களின் பிடிப்பு விட்டுப்போய், மண் திரவம்போல் ஓடத் தொடங்கும். ஏற்கெனவே கொட்டிய கழிவின் மீதே அடுத்தடுத்த கரைகளை எழுப்பும் மலிவான முறையில் அடித்தளமே இந்த மண்தான். சிலியில் 1965 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எல் கோப்ரே தாமிரச் சுரங்கக் கழிவு அணைகள் உடைந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டது இப்படித்தான். யுரேனியக் கழிவானாலும் மண்ணின் நடத்தை மாறாது.

ஆய்வில் இரண்டு இடங்களில் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, துளையிட்டு 1.5 மீட்டருக்கு ஒருமுறை மாதிரி எடுப்பது. அந்த இடைவெளியில் 20 செ.மீ. தடிமனுள்ள சேற்றுப் படலம் கண்ணில் படாமலே போய்விடும். கரை வழுக்குவதற்கு அது ஒன்றே போதும். கூம்பு முனையுள்ள தண்டை மண்ணில் அழுத்தி, சில செ.மீ.க்கு ஒரு அளவீடு தரும் கூம்பு ஊடுருவல் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மற்றொன்று, உச்ச அதிர்வில் மூன்றில் இரண்டு பங்கை நிலையான பக்கவாட்டு விசையாக வைத்து, பாதுகாப்புக் காரணி (சரியத் தள்ளும் விசையைப்போல் மண்ணின் வலிமை எத்தனை மடங்கு என்பது) 1.0க்கு மேல் வந்ததும் கோப்பை மூடிவிடுவது. மண் தன் வலிமையை இழக்காது என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்கு அது. திரவமாகக்கூடிய படலம் இருந்தால், குலுக்கலுக்குப் பின் எஞ்சும் வலிமையை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கரையைப் பலப்படுத்தும் வழிகளில் நீரை வெளியேற்றுவதே முதன்மையானது. செங்குத்து வடிகால் பட்டைகளைச் சேற்றில் இறக்கி, மேலே மண்ணைக் குவித்து அழுத்தினால் நீர் பிதுங்கி வெளியேறும். சரிவையும் தணிக்க வேண்டும்: செங்குத்தாக 1 மீட்டருக்குக் கிடையாக 10 மீட்டர் என்பது இலக்கு, 5 மீட்டருக்குக் குறைவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. இயன்ற இடத்தில் கழிவைத் தரைமட்டத்துக்குக் கீழே புதைத்துவிட்டால் உடைவதற்குக் கரையே இருக்காது.

கரை நின்றுவிட்டாலும் மேல்மூடியை மறந்துவிடக் கூடாது. ரேடானைத் தடுப்பது இறுக்கிய களிமண் அடுக்கு. சதுர மீட்டருக்கு நொடிக்கு 20 பிக்கோகியூரிக்கு (கதிரியக்க அலகு) மேல் ரேடான் வெளியேறக் கூடாது என்பது வரம்பு. கீழே மணலும் சேறும் வெவ்வேறு அளவில் அமிழும்போது அந்தக் களிமண் இழுபட்டு வெடிக்கும். இப்படிச் சீரற்று அமிழ்வதற்கு நிலநடுக்கம்கூடத் தேவையில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சர்ச் ராக் யுரேனிய ஆலையில் 1979 ஜூலை 16 அன்று அப்படி விரிசல் விட்ட கரை உடைந்து, சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீர் புவெர்கோ ஆற்றில் கலந்தது.

நிலநடுக்கம் ஓய்ந்ததும் கரை நேராக நிற்கிறது என்று அறிக்கை எழுதிவிட வேண்டாம். ஜப்பானின் மோச்சிகோஷியில் 1978 ஜனவரியில் ஒரு கழிவு அணை குலுக்கலின்போதே உடைந்தது; இன்னொன்று ஏறத்தாழ ஒரு நாள் கழித்து உடைந்தது. ஏறிய நீரழுத்தம் மெல்ல நகர்ந்து வேறோர் இடத்தைப் பலவீனப்படுத்தும். ஆகவே நீரழுத்தமானிகளைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை படித்து, அளவு பழைய நிலைக்குத் திரும்பும்வரை தொடர வேண்டும். கரை உச்சியில் நீளவாட்டு விரிசல், அடிவாரத்தில் புதிய கசிவு, கசிவுநீரில் கலங்கல், மணல் கொப்பளித்த சிறு குவியல்கள் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் கரைக்குக் கீழ்ப்புறம் இருப்பவர்களை முதலில் வெளியேற்றுங்கள், அளவெடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.