செம்மண்ணில் அலுமினியம் இருக்கிறது, ஆனால் சட்டி வராது

முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண்ணிலும் அலுமினியம் இருக்கிறது. ஒரு காலத்தில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போன முருங்கன் களியிலும் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் எடைக்கு 8 சதவீதம் அளவுக்கு அலுமினியம்தான். வேறெந்த உலோகமும் அதில் அவ்வளவு இல்லை. ஆனாலும் அந்த மண்ணிலிருந்து ஒரு சோற்றுச் சட்டிக்கான உலோகத்தைக் கட்டுபடியாகும் விலையில் எடுக்க முடியாது. களியில் அது சிலிக்காவோடு, அதாவது வெண்மணலில் இருக்கும் அதே பொருளோடு, இறுகப் பிணைந்திருப்பதுதான் சிக்கல்.

தொழிற்சாலைகள் தேடுவது போக்சைற். வெப்பமண்டல மழை காலங்காலமாகப் பெய்து சிலிக்காவைக் கரைத்து இழுத்துப்போக, மிஞ்சி நின்ற மண் அது. பார்வைக்குப் பெரும்பாலும் நம்முடைய செம்மண் மாதிரியே இருக்கும். இரண்டுக்கும் நிறம் தருவது இரும்பு ஒட்சைட்டு. அந்த இரும்பைக் கழற்ற வேண்டும்.

வழி கண்டவர் ஆஸ்திரிய இரசாயனவியலாளர் கார்ல் ஜோசப் பாயர். 1880களின் கடைசியில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது உலோகமே இல்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கவைக்கும் அலுமினியச் சேர்மம்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ‘ஈரியல்பு’ ஞாபகம் இருக்கும். அலுமினியம் ஐதரொட்சைட்டு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இரும்பு ஒட்சைட்டோ காரத்தை ஏறெடுத்தும் பார்க்காது. சரி, அரைத்த போக்சைற்றைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, அழுத்தக் கொப்பரையில் வேகவைக்கிறார்கள். கிப்சைற் என்ற கனிமம் மிகுந்த போக்சைற்றுக்கு 150 பாகை செல்சியஸ் அளவு போதும்; போமைற் என்ற கனிமம் மிகுந்ததற்கு 200ஐத் தாண்ட வேண்டும். அலுமினியம் சோடியம் அலுமினேற்றாகக் கரைந்துவிட, இரும்பு செஞ்சேறாக அடியில் தங்கும். சிலிக்கா இங்கேயும் தொல்லைதான்: சோடாவையும் கொஞ்சம் அலுமினியத்தையும் பிடித்துக்கொண்டு சேற்றோடு போய்விடும். களிமண் இந்த முறைக்கு ஒத்துவராதது இதனால்தான்.

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். வடித்த கரைசலை ஆறவிட்டால் அலுமினியம் ஐதரொட்சைட்டு பிரிந்து வர வேண்டும். லேசில் வராது. அமிலம் ஊற்றி அவசரப்படுத்தினால் வடிக்கவும் கழுவவும் முடியாத கூழாக வரும். பாயர் ஏற்கெனவே உண்டான நுண்பளிங்குகளையே விதையாகத் தூவினார். பாகு ஆறும்போது நூலைப் பற்றிக்கொண்டு பனங்கற்கண்டு வளர்வதுபோல, அந்த விதைகளின் மேல் புதிது புதிதாகப் படியும். அதற்கும் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கலாம். ஆனால் கிடைப்பது மணல் மணலாக, கழுவச் சுலபமாக இருக்கும். விடுபட்ட சோடா திரும்பவும் கொப்பரைக்கே போகும். பளிங்கை 1000 பாகைக்கு மேல் சுட்டால் நீர் நீங்கி, 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான வெள்ளை அலுமினா, அதாவது அலுமினியம் ஒட்சைட்டு, கிடைக்கும். ஏறக்குறைய 4 தொன் போக்சைற்றிலிருந்து 2 தொன் அலுமினா. அதை மின்பகுத்தால் 1 தொன் அலுமினியம்.

தலைவலி செஞ்சேற்றில்தான். எடுக்கும் அலுமினாவின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ கூடுதலாகவோ அது சேரும். எவ்வளவு கழுவினாலும் காரம் முழுதாகப் போகாது. 2010 ஒக்டோபரில் ஹங்கேரியின் ஐகா நகரருகே அதைத் தேக்கிவைத்த அணை உடைந்து 10 பேர் இறந்தார்கள். பலருக்குக் காரம் பட்டுத் தோல் வெந்தது. இப்போது பல ஆலைகள் சேற்றைப் பிழிந்து, நீர் வற்றிய கட்டியாக்கிக் குவிக்கின்றன.