கலிங்கில் வழியும் சர்க்கரை

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் பெனடிக்ட் கரைசலைக் கல்லூரி லேபில் சூடாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த நிற வரிசை மறக்காது. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. சிறுநீரில் சர்க்கரை கூடக்கூட நிறம் மாறிக்கொண்டே போகும். நீலம் பச்சையானாலே சர்க்கரை நோய்தானா? சிறுநீர் கொடுத்தவர் எட்டு மாதக் கர்ப்பிணி என்றால் அவசரப்படக் கூடாது.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. கூடவே குளுக்கோஸும் இறங்கிவிடும். அதை அடுத்துள்ள நுண்குழாய்கள் விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பெரும்பங்கு வேலை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்துடையது. ஆனால் உறிஞ்சுவதற்கும் ஓர் எல்லை உண்டு, உபரி நீர் வழிய ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் கலிங்கு வழியத் தொடங்கும்.

சர்க்கரை நோயில் நடப்பது இதுதான்: ஏரி நிரம்பி வழிகிறது. வழியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். இழிதல் என்றால் இறங்குதல். 'நீரிழிவு' என்று பெயர் வைத்தவர் நோயாளியை நன்றாகக் கவனித்திருக்கிறார். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் இப்படிப்பட்ட சிறுநீரை வற்றக் காய்ச்சி, மிஞ்சியது சர்க்கரை என்று காட்டினார். நோயாளியின் இரத்த நீரும் இனிப்பதாக எழுதினார். கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, இரத்தத்தில் என்பதற்கு அது முதல் தடயம்.

கர்ப்பத்தில் கதை வேறு. இரத்த நீரின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, சிறுநீரகம் வடிக்கும் வேகமும் ஏறத்தாழ பாதி மடங்கு உயர்கிறது. அந்த வேகத்துக்கு நுண்குழாய்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஏரி நிரம்பவில்லை, கலிங்குதான் தாழ்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, பிரசவம் நெருங்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பால் சர்க்கரையான லாக்டோஸ் சிறுநீரில் கலக்கலாம். பெனடிக்ட் கரைசலுக்கு இரண்டும் ஒன்றுதான். நொதி பூசிய இன்றைய சோதனைப் பட்டைகள் குளுக்கோஸை மட்டுமே காட்டுவதால் அந்தக் குழப்பமாவது தீர்ந்தது.

லேப் ரிப்போர்ட்டின் மற்ற எண்களையும் இரத்தத்தில் கூடும் இந்த வெள்ளம் மாற்றுகிறது. சிவப்பணுக்களைவிட நீர் அதிகம் கூடுவதால் ஹீமோகுளோபின் குறைந்து தெரியும். இரத்தசோகைக்கான வரம்பு பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11. சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இன்னும் ஏமாற்றும். டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்று வந்தால் மற்ற நேரத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கர்ப்பிணிக்கு வழக்கமாக 0.4 முதல் 0.8 வரைதான் இருக்கும் என்பதால் அதே 1.0 மருத்துவரை யோசிக்க வைக்கும். சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் சற்றுத் தாழ்ந்தே வரும்.

அப்படியானால் கர்ப்பகால சர்க்கரை நோயை எப்படிப் பிடிப்பது? நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை மிஞ்ச வேண்டும் என்பது அதன் கணக்கு. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிட்டால் சரி. முடியாதபோது சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதனால்தான் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்ற இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பரிசோதனையின்போது ஒரு முறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை என்பது இந்திய அரசின் வழிகாட்டுதல்.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. எனவே வயிற்றிலுள்ள குழந்தையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. குழந்தையும் கொழுத்து வளர்கிறது. தொப்புள்கொடியை வெட்டிய நொடியில் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். குழந்தையின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடலாம். பிறந்த சில மணி நேரத்துக்குள் அந்தக் குட்டிக் குதிகாலில் ஊசி குத்தி நர்ஸ் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதும், உடனே பால் கொடுக்கச் சொல்வதும் அதனால்தான்.