தூக்கம் குறைந்தும் களைப்பில்லையா?

மனம் சில காலம் அளவுமீறிய எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் போகும் நோய் பைபோலார். அந்தப் பெயரைச் சொன்னதும் பலரும் கேட்பது, "மாத்திரையை எப்போ டாக்டர் நிறுத்தலாம்?" என்பதுதான். "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைப்பார்கள்.

இந்த நோயில் பெரும்பாலும் முதலில் ஆட்டம் காண்பது தூக்கம். மனச்சோர்வில் தூக்கம் கெட்டால் மறுநாள் உடம்பு அசந்து கிடக்கும். மனஎழுச்சி தொடங்கும்போது வருவது வேறு மாதிரி. மூன்று மணி நேரமே தூங்கியிருப்பார், களைப்பே தெரியாது. விடிவதற்குள் அலமாரியை அடுக்கி முடித்து, பழைய நண்பர்களுக்கெல்லாம் நீளநீளமாய்ச் செய்தி அனுப்பி, புதுத் தொழிலுக்குக் கணக்கும் போட்டிருப்பார். இப்போதுதான் தெளிவாக இருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றும். நன்றாக இருக்கிறது என்று யாராவது டாக்டரிடம் போவார்களா? சிக்கலே அங்கேதான். தொடர்ந்து இரண்டு இரவு இப்படிப் போனால் மூன்றாவது இரவுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் பேசிவிடுங்கள். இரவுப் பணி, பரீட்சைக்குக் கண்விழிப்பது போன்றவையே எழுச்சியைத் தூண்டிவிடலாம். அதனால் விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் பயனைக் காட்டிய லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. வாந்தி, பேதியில் உடம்பில் நீர் வற்றினாலோ, உப்பைத் திடீரென்று குறைத்தாலோ, வலிக்கு ஐபுப்ரொஃபேன் போட்டாலோ ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறலாம். கை கடுமையாக நடுங்கி நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குணமாகிவிட்டது என்று தானாகவே சட்டென்று நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அவர் சிரித்தாலும் கோபப்பட்டாலும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் எரிச்சல்தான் வரும். அவருக்கும் சாதாரணக் கோபம் வரத்தானே செய்யும்! நன்றாக இருக்கும் நாளில் உட்கார்ந்து, எந்த அறிகுறி தெரிந்தால் யார் என்ன செய்யலாம் என்பதை எழுதிவையுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒருவர் இப்படிச் சொன்னார்: "நான் கண்டபடி செலவு பண்ண ஆரம்பிச்சா, கார்டை அக்கா வாங்கி வச்சுக்கட்டும். மனைவி கேட்டா சண்டை போடுவேன், அக்கா கேட்டா கொடுத்துடுவேன்."

சோர்வுக் காலத்துக்கும் அதே தாளில் இடம் விடுங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் பெயரோடு எழுதுங்கள். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க அவருக்குத் தெம்பு இருக்காது.