பஸ்ஸின் வாலில் ஓர் எழுத்து

போன மாதம் மகள் சாப்பாட்டு டப்பாவைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தாள். தொடக்கநிலை நான்கு படிக்கிறாள். வண்டி எண்களை வாசித்துக்கொண்டே போவது அவள் வழக்கம் என்பதால், “பஸ் நம்பர் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். “எஸ்பிஎஸ் 6824. கடைசியில ஜே” என்றாள்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். “6824ஆக இருந்தால் கடைசியில் ஜே வராதும்மா, பி வரணும்.” அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சிங்கப்பூரில் வண்டி எண்ணின் கடைசி எழுத்து அழகுக்கு ஒட்டியதல்ல. முன்னால் இருப்பவற்றை வைத்துக் கணக்கிட்டு வருவது. மூன்றெழுத்து முன்னொட்டில் பின் இரண்டு எழுத்துகளை மட்டும் எடுத்து, ஆங்கில அகரவரிசைப்படி எண்ணாக்க வேண்டும்: பி 2, எஸ் 19. இவற்றோடு, அவள் சொன்ன 6824இல் நடு இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினால் வரும் 6, 2, 8, 4 சேர்ந்தால் ஆறு எண்கள். வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள்: 18 + 76 + 30 + 8 + 24 + 8 = 164. அதை 19ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 12. ஈவைத் தூக்கிப் போட்டுவிடலாம், நமக்கு வேண்டியது மீதிதான். மீதி 0 என்றால் ஏ, 1 என்றால் இசட், 2 என்றால் ஒய் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 12க்கு ஜே.

ஆக, அவள் பார்த்தது 6284. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிப் பார்த்துத்தான் இதைப் பிடித்தேன். 8624 போட்டால் இசட், 6842 போட்டாலும் இசட், 6284க்கு மட்டும்தான் ஜே.

மீதியை நாம் தினமும் புழங்குகிறோம். இன்று செவ்வாய் என்றால் நூறு நாள் கழித்து என்ன கிழமை? 98 நாள் முழு வாரங்களாகக் கழிந்துவிடும், மீதி 2, அதனால் வியாழன். அங்கே 7 செய்யும் வேலையை இங்கே 19 செய்கிறது.

சரி, ஏன் 19? அது பகா எண். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், கூட்டுத்தொகை 1 முதல் 9 வரையிலான ஒரு வித்தியாசத்தை 5, 4, 3, 2 ஆகியவற்றில் ஒன்றால் பெருக்கிய அளவுக்கு மாறும். இரண்டுமே 19ஐவிடச் சிறியவை என்பதால் பெருக்குத்தொகை 19ஆல் மீதியின்றி வகுபடாது. எனவே மீதி மாறியே தீரும், எழுத்தும் மாறும். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ, பெருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று 1தான் வேறுபடுகின்றன. அதனால் கூட்டுத்தொகை அந்த இரு இலக்கங்களின் வித்தியாசத்தால் மாறும். அதுவும் 9ஐத் தாண்டாது. இரண்டு இலக்கங்கள் ஒரேயடியாகத் தப்பினால் மட்டும், எப்போதாவது ஒன்றையொன்று ஈடுகட்டித் தப்பித்துவிடலாம்.

பத்தொன்பது மீதிக்குப் பத்தொன்பது எழுத்துகள் போதும். மிஞ்சிய ஏழில் ஐயும் ஓவும் அடக்கம். அவை 1, 0 போலத் தெரியும், விட்டதே நல்லது. நம் அடையாள அட்டையின் கடைசி எழுத்தும் இதே மாதிரிதான், அங்கே வகுப்பது 11ஆல்.

டப்பா மூன்றாம் நாள் கிடைத்தது. உள்ளே மீதி ஒன்றரை இட்லி. திறந்து பார்த்தது என் தப்பு.